நேர் விமானம் இல்லாத ஊர்

எங்கள் கம்பெனியில் அவனுக்கு வக்கீல் என்று பெயர். கோர்ட்டு வாசலை மிதித்தவன் இல்லை. என்னைப் போல லிப்ட் மெக்கானிக்தான். ஆனால் வாயைத் திறந்தால் மூட மாட்டான். மழை பெய்தால் வெயிலுக்காக வாதாடுவான், வெயில் அடித்தால் மழைக்காக வாதாடுவான். நாங்கள் இருவரும் பதினெட்டு வருடம் ஜோடியாக வேலை பார்த்தோம். லிப்ட் வேலைக்கு ஆளைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். ஒருவன் உச்சியில் மெஷின் அறையில் இருப்பான், இன்னொருவன் அடியில் குழிக்குள் நிற்பான். மேலே இருப்பவன் கவனம் பிசகினால் கீழே இருப்பவன் வீட்டுக்குப் போக மாட்டான். அப்படி நின்று பழகிய இரண்டு பேருக்குள் ஒளிவுமறைவு இருக்காது. இனி நான் சொல்லப்போகும் அவன் கதையெல்லாம் எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

யாராவது லிப்டுக்குள் மாட்டிக்கொண்டால் நான் மெஷின் அறைச் சாவியோடு மேலே ஓடுவேன். அவன் மூடிய கதவுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். "உள்ள எத்தனை பேரு? ஃபேன் ஓடுதா? ஓடுதுல்ல, அப்புறம் என்ன கவலை? எங்க ஆபீஸ்ல அதுகூட ஓடல." பயந்து அழுதுகொண்டிருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். லிப்டைக் கையால் நகர்த்திக் கதவைத் திறக்க அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் போதும்.

மனைவியை அவன் சந்தித்ததும் அப்படித்தான். ஒரு ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு நர்ஸும், சக்கர நாற்காலியில் ஆபரேஷன் முடிந்த நோயாளியும். இவன் வழக்கம்போல ஆரம்பித்ததும் உள்ளேயிருந்து நர்ஸ் கத்தினாள்.

"பேசுறதை நிறுத்திட்டு முதல்ல கதவைத் திறங்க!"

"கதவைத் திறக்கிறவர் மேல போயிருக்கார் மேடம். நான் பேசுற டிபார்ட்மெண்ட்."

அவள் சிரித்த சிரிப்பு கிணற்றுக்குள் கல் விழுந்த மாதிரி மாடி மாடியாக இறங்கியது. கூடவே நோயாளியும் சிரித்து, "ஐயோ, தையல்! தையல்!" என்று அலறினார். வருடம் திரும்புவதற்குள் அந்த நர்ஸ் இவனுக்கு மனைவியானாள். ஊரே வக்கீல் என்று கூப்பிட, அவள் மட்டும் மரியாதையாக "வக்கீல் சார்" என்று கூப்பிடுவாள்.

மகள் பிறந்தாள். குட்டி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. குட்டிக்கு ஏழு வயதாகும்போது ஆஸ்பத்திரி கை மாறியது. புது முதலாளி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். அவளும் அதில் ஒருத்தி. எங்கெங்கோ விண்ணப்பித்துப் பார்த்தாள். கடைசியில் கிடைத்தது கடல் தாண்டிய ஒரு முதியோர் இல்லத்தில், மூன்று வருட ஒப்பந்தத்தில்.

"மூணு வருஷம்தானே, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்," என்றான் வக்கீல்.

அவள் கிளம்பிய அன்று சாயங்காலம் குட்டி கேட்டாள், "அம்மா ஊரு எவ்ளோ தூரம்ப்பா?" அவன் கம்ப்யூட்டரில் தேடினான். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் பயண நேரத்தையும் சொல்லும் ஒரு பக்கம் வந்தது. ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஒன்பது மணி நேரம் என்று போட்டு, கடலுக்கு மேல் வில் மாதிரி வளைத்து ஒரு கோடும் போட்டிருந்தது. குழந்தைக்கு ஏழாயிரம் புரியாது. "நம்ம பெரிய கட்டட லிப்டு ஒரு லட்சம் தடவை ஏறி இறங்கினா எவ்ளோ தூரமோ, அவ்ளோ தூரம்," என்று சொல்லிப் படுக்க வைத்தான்.

மறுநாள் மெஷின் அறையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது என்னிடம் அதைக் காட்டினான். "பாத்தியா கூத்தை. இந்த ரெண்டு ஊருக்கும் நேரா போற விமானமே கிடையாது. நடுவுல ஒரு பெரிய ஏர்போர்ட்ல இறங்கி, காத்துக் கிடந்து, மாறித்தான் போகணும். பதினாறு மணி நேரம் ஆச்சு அவளுக்கு. இவன் பாட்டுக்கு ஒன்பது மணி நேரம்னு கூசாம போட்டிருக்கான்."

குட்டியைப் பார்த்துக்கொள்ள அவனுடைய அக்கா வந்து சேர்ந்தாள். தையல் மெஷினோடு வந்தவள், முன்னறை ஜன்னலோரம் அதைப் போட்டு, அக்கம்பக்கத்தார் துணிகளைத் தைத்துக்கொண்டே வீட்டைப் பார்த்தாள். குட்டிக்குத் தலைபின்னுவதும், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவதும், காய்ச்சல் என்றால் நெற்றியில் ஈரத்துணி போடுவதும் அத்தைதான்.

மனைவி இரண்டு வருடம் கழித்து ஒரு மாதம் வந்தாள். ஒப்பந்தம் முடிந்து, இன்னொன்று போட்டு, மறுபடி வர மூன்று வருடமானது. அந்த இரண்டாவது தடவை வீட்டில் ஏதோ இடம் மாறிப் போயிருந்தது. பகலில் தூங்கினாள். மெத்தை விரிப்பின் நாலு மூலையையும் ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி இழுத்துச் செருகினாள். குட்டிக்குத் தலைபின்ன உட்கார்ந்தாள். குட்டி கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "அத்தை பின்னட்டும்மா, உனக்கு வலிக்காம பின்னத் தெரியல," என்று எழுந்து போனாள். ஒருநாள் கைப்பையைக் குடைந்துகொண்டிருந்தவள், "கண்ணாடியை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன் போல," என்றாள். அவள் வீடு என்று சொன்னது அங்கே இருந்த அறையை. வக்கீல் அதை எங்களிடம் பெரிய நகைச்சுவையாகச் சொன்னான். "எம் பொண்டாட்டி என் வீட்டுக்கு விருந்தாளியா வந்திருக்கா!" நாங்களும் சிரித்தோம்.

அந்த முறைதான் அவள் அவனைக் கூப்பிட்டாள். அங்கே விசா விதி மாறியிருக்கிறது, குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம், அங்கேயும் லிப்ட் ஓடுகிறது, வேலை கிடைக்கும், வாருங்கள் என்றாள். போன பிறகும் ஃபோனில் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவன் ஒவ்வொரு தடவையும் ஒரு வேடிக்கை சொல்லி நழுவினான். "உங்க ஊர் லிப்டு உங்க ஊர் பாஷையிலதான் ரிப்பேர் ஆகும், எனக்குப் புரியாதே." காரணம் அதுதான், வேடிக்கை இல்லை. பேச்சு போனால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று அவனுக்கு உள்ளூர பயம். என்னிடம் ஒருநாள் சொன்னான்: "அங்க போனா நான் ஊமைடா. அவ பின்னாடி பையைத் தூக்கிட்டு நடக்கிற ஊமை." நானும், "போய்த்தான் பாரேன்," என்று சொல்லவில்லை. எனக்கு ஜோடி போய்விடுமே.

மெல்ல மெல்ல அவள் கேட்பதை விட்டாள்.

குட்டிக்குப் பதினைந்து முடிந்த வருடம் கம்பெனி புது மாதிரி லிப்ட் இறக்கியது. பயிற்சிக்கு ஒரு வாரம் தொழிற்சாலை இருக்கும் நாட்டுக்கு ஒரு ஆளை அனுப்புவதாகச் சொன்னார்கள். வக்கீல் பெயர் வந்தது. டிக்கெட்டைப் பார்த்தவன் மெஷின் அறையிலேயே குதித்தான். அவன் விமானம் மாற வேண்டிய இடம் அதே நடு ஏர்போர்ட். அவள் போகவர மாறும் ஏர்போர்ட்.

அன்றைக்கே ஃபோன் போட்டான். என்ன தேதி, எத்தனை மணி என்று கேட்டுக்கொண்டாளாம். பிறகு, "நான் அங்க வந்துடறேன். உங்களுக்கு நாலு மணி நேரம் இருக்குல்ல? எனக்கும் உங்களை நேர்ல பாக்கணும்," என்றாளாம். அவளுக்கு அது ஆறு மணி நேரப் பறப்பு. வந்து, உள்ளேயே உட்கார்ந்து, அவனைப் பார்த்துவிட்டு அடுத்த விமானத்தில் திரும்புவாள். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? மூன்று வருடமாகப் பார்க்காத மனைவி, ஒரு சாயங்காலப் பேச்சுக்காகக் கடல் தாண்டி வருகிறாள். வக்கீல் தலைகால் புரியாமல் அலைந்தான். முடி வெட்டிக்கொண்டான். இரண்டு சட்டை வாங்கி, எது நல்லா இருக்கிறது என்று என்னிடம் கேட்டு, நான் சொன்னதை விட்டுவிட்டு மற்றதைப் போட்டுக்கொண்டான். அக்கா பழைய அளவை வைத்து நாத்தனாரின் அன்போடு அவளுக்கு இரண்டு பருத்தி நைட்டி தைத்துக் கொடுத்தாள்.

குட்டி மட்டும் உம்மென்று இருந்தாள். பெட்டியை அவள்தான் அடுக்கினாள். மூடும்போது, "அப்பா, நீ கண்டிப்பா போகணுமா? வேற யாராவது போகக் கூடாதா?" என்றாள்.

"ப்ளேன்னா பயமா? லிப்டு மாதிரிதான்டா அது. கொஞ்சம் பெரிய லிப்டு."

அவள் பெட்டியின் ஜிப்பை இழுத்தாள்.

அவன் கிளம்பிய அன்று காலை எங்கள் ஊரில் பனிமூட்டம். விமானத்தில் ஏற்றிவிட்டுக் கதவையும் மூடிவிட்டு அப்படியே நிறுத்திவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே றெக்கையின் நுனிகூடத் தெரியவில்லை. வக்கீல் பணிப்பெண்ணிடம் கேட்டான், அப்புறம் இன்னொருத்தியிடம் கேட்டான், பக்கத்து சீட்டுக்காரரிடம் தன் கதை முழுவதையும் சொன்னான். அவரே கடைசியில் இவனுக்காகப் பணிப்பெண்ணிடம் சண்டைக்குப் போனார். பனி யார் பேச்சையும் கேட்கவில்லை. நாலு மணி நேரத்தில் மூன்று அங்கேயே, ஓடுபாதையில், பெல்ட்டைப் போட்டபடி கரைந்துபோனது.

நடு ஏர்போர்ட் ஒரு ஊர் அளவு பெரியது. இறங்கிய இடத்திலிருந்து ஒரு குட்டி ரயில் ஏறி, நகரும் படிகளில் ஓடி, பெட்டி சக்கரம் ஒன்று கழன்று, மூச்சிரைக்க அவன் போய் நின்றபோது அவள் ஒரு பொம்மைக் கடைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அடையாளம் தெரியாமல் இரண்டு தடவை தாண்டிப் போனானாம். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். மெலிந்திருந்தாள். அவள்தான் எழுந்து வந்து கையைப் பிடித்தாள். கை ஜில்லென்று இருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"நீ?"

"பசிக்கல."

இரண்டு காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வக்கீல் பேச ஆரம்பித்தான். பனி, பக்கத்து சீட்டுக்காரர், கழன்ற சக்கரம், குட்டியின் மார்க்கு, அக்காவின் முட்டிவலி, நான் மெஷின் அறையில் வழுக்கி விழுந்தது. எட்டு வருடத்தை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுகிற வேகம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு தடவை வாயைத் திறந்தாள். "இரு, இதைக் கேளு," என்று இவன் அடுத்த கதைக்குப் போய்விட்டான். நைட்டிகளை எடுத்துக் கொடுத்தான். அவள் ஒன்றை விரித்துத் தோளோடு வைத்துப் பார்த்தாள். இரண்டு பேர் நுழையலாம் போல இருந்தது. "அண்ணி கையால தைச்சதா?" என்று கேட்டு, மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இவன் விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். கூடவே நடந்து வந்தாள். கேட்டில் வரிசை நகர ஆரம்பித்திருந்தது. அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அங்க ஒருத்தர் இருக்கார்."

அவனுக்குப் புரியவில்லை. முதியோர் இல்லத்துக் கதை ஏதோ சொல்ல வருகிறாள் என்று நினைத்துச் சிரித்த முகத்தோடு, "யாரு, அந்தக் காது கேக்காத பெரியவரா?" என்றான்.

அவள் முகம் உடைந்து அழுதாள். அப்போதுதான் புரிந்தது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது."

வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"நான் கூப்பிட்டேன்ல?" என்றாள் அவள். "எத்தனை தடவை கூப்பிட்டேன்?"

"கூப்பிட்ட."

"ஒவ்வொரு தடவையும் என்னைச் சிரிக்க வெச்சே ஃபோனை வெச்சுட்டீங்க. வெச்சதுக்கு அப்புறம் அந்த ரூம்ல நான் மட்டும்தானே இருப்பேன்?"

வக்கீல் கேட்டான், "இதைச் சொல்லவா ஆறு மணி நேரம் பறந்து வந்தே?"

"ஃபோன்ல சொல்றது கேவலம்னு தோணுச்சு. மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும்னு நெனச்சேன்."

"ஃபோன்லயே சொல்லியிருக்கலாம்மா. நான் வீட்டுல இருந்திருப்பேன்ல."

கேட்டில் இருந்த பெண் இவன் பெயரைச் சொல்லி அழைத்தாள். வரிசையில் வேறு யாரும் இல்லை. போக வேண்டியிருந்தது, போனான். திரும்பிப் பார்த்தானா என்று நான் கேட்டதில்லை.

அடுத்த விமானத்தில் அவனுக்கு நடு சீட்டு. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். அழக்கூட இடம் இல்லை என்றான் என்னிடம். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, தூங்குகிற மாதிரி அழுதானாம். பணிப்பெண் சாப்பாட்டுத் தட்டை நீட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனாள். பயிற்சியை ஒழுங்காக முடித்தான். வகுப்பில் முதல் மதிப்பெண் இவனுக்குத்தான் என்று கம்பெனிக்குக் கடிதம் வந்தது. அந்த ஒரு வாரமும் இவன் வாயிலிருந்து ஒரு பேச்சு வரவில்லை என்று யாரும் எழுதவில்லை. அவர்களுக்கு இவனைத் தெரியாதே. திரும்பும்போதும் அதே ஏர்போர்ட். பொம்மைக் கடை இருக்கும் பக்கம் போகாமல், நீளமான வழியாகச் சுற்றி நடந்தான்.

வீட்டுக் கதவைத் திறந்தது குட்டி. அவன் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "அம்மா சொல்லிட்டாளாப்பா?" என்றாள்.

அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒருநாள் ஃபோன்ல பின்னாடி ஒரு குரல் கேட்டுச்சு. நானே கேட்டேன். ஆமான்னு சொன்னா. உன்கிட்ட அவளே சொல்றேன்னா."

"எப்ப?"

"பரீட்சைக்கு முன்னாடி."

பரீட்சை முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவனுக்கு வந்ததே கோபம். "ஏன்டி எங்கிட்ட சொல்லல? நான் சட்டை வாங்குறேன், முடி வெட்டுறேன், கோமாளி மாதிரி ஆடுறேன், நீ பாத்துக்கிட்டு பெட்டி அடுக்குறே?" அவளைப் பார்த்து அவன் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு அக்கா எழுந்து வந்தாள்.

குட்டி சுவரோரம் ஒட்டிக்கொண்டு சொன்னாள். "நீ குழிக்குள்ள இறங்குற ஆளு. மாமாதான் சொல்லியிருக்காரு, ஒரு செகண்டு நெனப்பு வேற பக்கம் போனா முடிஞ்சுதுன்னு. உங்கிட்ட சொல்லிட்டு, காலையில உன்னை எப்படி நான் வேலைக்கு அனுப்புறது?"

அந்த மாமா நான்தான்.

வக்கீல் அப்படியே வாசல் நிலையில் உட்கார்ந்துவிட்டான். ஐந்து மாதமாகத் தினமும் காலையில் அவன் டிபன் டப்பாவைக் கையில் கொடுத்து, தெருமுனை தாண்டும்வரை பால்கனியில் நின்று பார்த்த பிள்ளை. அது பாசம் என்று மட்டும் நினைத்திருந்தான். அது காவல்.

எல்லாவற்றையும் கேட்டபிறகு நானும் அவனைக் குழியில் இறங்க விடவில்லை. ரொம்ப நாள் நான்தான் இறங்கினேன். அவன் மேலே நின்றான், ஒரு தவறும் செய்யவில்லை. ஆனால் ஒருநாள் ஒரு அடுக்குமாடியில் ஒரு பெண்ணும் கைக்குழந்தையும் லிப்டில் மாட்டிக்கொண்டார்கள். பழக்க தோஷத்தில் நான் சாவியோடு மேலே ஓடினேன். அவன் கதவோரம் உட்கார்ந்தான். நான் மேலேயிருந்து காது கொடுத்தேன். கீழே சத்தமே இல்லை. குழந்தை அழுதது, தாய் கதவைத் தட்டினாள், "யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினாள். ஒரு கை தூரத்தில் இவன் உட்கார்ந்திருக்கிறான். ஒரு வார்த்தை வரவில்லை. நான் பாதியில் இறங்கி ஓடிவந்து, "இருக்கோம்மா, இருக்கோம், பயப்படாதீங்க," என்று எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு மேலே போனான். அன்றிலிருந்து கதவைத் திறப்பது அவன் வேலை, பேசுவது என் வேலை. எனக்குச் சிரிக்க வைக்கத் தெரியாது. ஆட்கள் அழுதபடிதான் வெளியே வருகிறார்கள்.

அடுத்த வருடம் சட்டப்படியும் பிரிந்தார்கள். அவன் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் மறுக்கவில்லை. அங்கே அந்த மனிதர் நல்லவர்தான் என்று கேள்வி. அவள் பார்த்துக்கொண்ட ஒரு மூதாட்டியின் மகன். தாய் இறந்தபின்னும் வந்துபோய்க்கொண்டிருந்தவர்.

குட்டி அம்மாவோடு பேச்சை அடியோடு நிறுத்திவிட்டாள். ஃபோன் அடிக்கும், பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைப்பாள். இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த வக்கீல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே எண்ணைப் போட்டு, அந்தப் பக்கம் ஹலோ என்றதும் ஃபோனைக் குட்டியின் கையில் திணித்தான்.

"எனக்கு வேணாம்ப்பா."

"எனக்கும் அவளுக்கும்தான் முடிஞ்சுது. உனக்கு அவ அம்மா. பேசு."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவான். ஒவ்வொரு ஞாயிறும் இதே கதை. முதலில் உள்ளேயிருந்து "ம்" மட்டும் கேட்கும். பிறகு "ம், சாப்பிட்டேன்." பிறகு பள்ளிக்கூடத்தைப் பற்றி இரண்டு வாக்கியம்.

ஒரு ஞாயிறு நான் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடி வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கதவு சாத்தியிருந்தது. நானும் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே குட்டி ஏதோ சொல்வதும் நிறுத்துவதுமாக இருந்தாள். திடீரென்று சிரித்தாள். வாய்விட்டு, அடக்க முடியாமல், அவள் அம்மா சிரிக்கிற அதே சிரிப்பு. அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ வேடிக்கை சொல்லியிருக்க வேண்டும்.

வக்கீல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. நான் அவன் தோளில் கை வைத்தேன். அக்கா சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"உள்ள வாடா. எவ்வளவு நேரம் வெளியிலேயே நிப்ப?"

"இரு அக்கா," என்றான். "பேசி முடிக்கட்டும்."